வால்வும் பெடலும் வீட்டு ரெக்கார்டிங்கும்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ தேர் வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும், நாயனத்துக்கு மைக் வேண்டாம். கீழ வீதியில் மல்லாரி ஆரம்பித்தால் திருப்பத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். திறந்த வெளிக்கென்றே செய்த வாத்தியம் அது. கிடார் அந்த ஜாதி இல்லை. நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து கேட்க வாசிக்கிற வாத்தியம். பக்கத்தில் ஒரு டிரம்பெட்காரர் உட்கார்ந்துவிட்டால், கிடார்காரரின் கை அசைவது மட்டும்தான் தெரியும், சத்தம் வராது.

நான் மின்சார வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன். அதில் ஒரு பத்து வருஷம், சாயங்காலங்களில், கடலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசித்தவன். அதனால் கிடாருக்கு மின்சாரம் குரல் கொடுத்த கதையை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அந்தக் குரல் சினிமாக் கொட்டகை மேடையிலிருந்து இறங்கி ஒரு பையனின் படுக்கையறைக்குள் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1931இல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் கிடார் தந்திக்கு அடியில் ஒரு காந்தத்தையும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளையும் வைத்துப் பார்த்தார். காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். நம் ஜெனரேட்டர் வேலை செய்கிற அதே தத்துவம்தான், அளவு மட்டும் மிகச் சிறிது. ஒரு வோல்ட்டில் ஒரு பங்கு வந்தால் பெரிசு. அடுத்த வருஷமே ரிக்கன்பேக்கர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் அமெரிக்காக்காரர்கள் அதை வாணலி என்றே அழைத்தார்கள். மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கும் ஹவாயன் கிடார் அது. அந்த ஹவாயன் கிடார் பிறகு கல்கத்தாவில் வேர் பிடித்து, நம் பழைய சினிமாப் பாட்டுகளிலும் வழுக்கிக்கொண்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அப்போது ஆம்ப்ளிஃபயர் என்றால் வால்வு. வால்வுக்கு ஒரு குணம் உண்டு. அதன் சக்திக்குமேல் கேட்டால் டக்கென்று நிற்காது. அலையின் உச்சியை மெல்ல மழுக்கும். காதுக்கு அது கரகரப்பாகவும் கனமாகவும் கேட்கும், தந்தியின் ஒலியும் நீண்டு நிற்கும். இன்ஜினியர்கள் இதைக் கோளாறு என்றார்கள். வாசித்தவர்களுக்கோ அது பிடித்துப்போனது. 1958இல் லிங்க் ரே என்ற கிடார்காரர் ஸ்பீக்கர் கோனில் பென்சிலால் ஓட்டை போட்டே அந்தக் கரகரப்பை வரவழைத்தார். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் ரெக்கார்டிங்கில் மேசைக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, பேஸ் கிடார் வண்டு இரைகிற மாதிரி பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அடுத்த வருஷம், 1962இல், அதே இரைச்சலைக் காலால் மிதித்துப் போடவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று பெயர். முதலில் சரியாக விற்கவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் சரக்கு தீர்ந்துபோனது. பெடல் என்று இன்று பையன்கள் சொல்வதெல்லாம் அந்தப் பெட்டியின் சந்ததிதான்.

கடலூரில் எங்களுக்கு எந்தப் பெட்டியும் இல்லை. இருந்தது மைக் செட். கல்யாணம், காதுகுத்து, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை எல்லாவற்றுக்கும் அதே மைக் செட்தான். ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். உள்ளே இ.எல்.34 மாதிரி வால்வுகள் சிவந்து எரியும். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செய்த கிடார் ஆம்ப்ளிஃபயர்களிலும் அறுபதுகளின் நடுவிலிருந்து இருந்தது இதே ஜாதி வால்வுதான் என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடலூர்ச் சந்தில் வாடகைக்குக் கிடைத்த பொருள், வேறு பெயரில் உலகப் புகழ் பெற்றிருந்தது.

வீட்டில் சாதகம் பண்ண ஆம்ப் எங்கே கிடைக்கும்? பழைய வால்வு ரேடியோதான் கதி. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் ரேடியோக்களின் பின்பக்கத்தில் கிராமஃபோன் தட்டைச் செருக இரண்டு ஓட்டை இருக்கும். கிடார் ஒயரை அதில் செருகினால் பேசும். இதற்குக் காரணம் உண்டு. கிடார் பிக்கப்பின் மின்சாரம் கூச்ச சுபாவம் உள்ளது. வாங்குகிற இடத்தில் தடை லட்சக்கணக்கான ஓம் இருந்தால்தான் முழுசாக வரும். குறைந்த தடை உள்ள இடத்தில் செருகினால் மேல் ஸ்தாயியெல்லாம் செத்து, துணி போட்டு மூடின மாதிரி ஆகிவிடும். வால்வு ரேடியோவின் கிராமஃபோன் ஓட்டை தற்செயலாக அந்த உயர்ந்த தடை உள்ளது. ஆனால் எல்லா ரேடியோவிலும் இதைச் செய்யக் கூடாது. ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் என்று விற்ற செட்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. மெயின் லைன் நேராக இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் கிடார் தந்தியில் 230 வோல்ட். எங்கள் குழுவின் லீட் கிடார்காரரிடம் நான் முதல் நாளே சொன்னது இதைத்தான்: "அண்ணே, டெஸ்டர் வைக்காம தந்தியத் தொடாதீங்க."

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், குடும்பத்தார் விரும்பமாட்டார்கள். பகலில் கோ-ஆப்டெக்ஸ் மாதிரி ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவார். இரவில் கையில் கிடார் வந்தால் ஆள் வேறு. கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிடார் ஒன்று வைத்திருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரேடியோ மெக்கானிக், டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து கழற்றிய இரண்டு ஏ.சி.128 வைத்து, சோப்புப் பெட்டிக்குள் ஒரு ஃபஸ் கட்டிக் கொடுத்தார். ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் மிதித்த வட்டப் பெட்டி 1966இல் வந்தது. அதன் உள்ளேயும் இதே மாதிரி இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான். ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் கசிகிற மின்சாரம் இரட்டிப்பாகும். சித்திரை மாதம் மேடையில் அந்தப் பெட்டி பாதிப் பாட்டில் தொண்டை அடைத்துவிடும். அண்ணன் அதை ஈரத்துணியில் சுற்றி ஒரு மண்சட்டியில் வைத்திருப்பார். மார்கழியில் அதே பெட்டி தேனாகப் பாடும்.

இன்னொன்று. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போடும். லைன் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும். ஊர்க்காரர்கள் எங்கள் ஆபீசைத் திட்டுவார்கள், நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் மைக் செட்டில் கிடாரை விட்டால் ஒலி மெத்தென்று மாறும், அடித்ததும் சற்று அமுங்கி பிறகு எழும்பும். 1978இல் முதல் தட்டு வெளியிட்ட எட்டி வான் ஹேலன், வேரியாக் என்ற கருவியை வைத்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்து வாசித்தார் என்பது கிடார் உலகில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாங்கள் அதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தோம்!

ஆம்ப்ளிஃபயர் என்பது சத்தத்தைக் கூட்டும் சாதனம் மட்டும்தானா, வாத்தியத்தின் ஒரு அங்கமா? நம் ஊரில் இந்தக் கேள்வி கர்நாடக சங்கீத மேடையில்தான் நேருக்கு நேர் வந்தது. கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு சிறுவன்.

உப்பலப்பு ஸ்ரீனிவாஸ் 1969இல் ஆந்திராவின் பாலக்கொல்லில் பிறந்தவர். சாதாரண மாண்டலினில் நாலு ஜோடித் தந்திகள். தட்டினால் ஒலி உடனே செத்துவிடும், அதனால்தான் இத்தாலிக்காரர்கள் விடாமல் கிர்ரென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். நம் சங்கீதத்துக்கு அது உதவாது. ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, அது நீள்கிற நேரத்தில் தந்தியை வளைத்தும் வழுக்கியும் கமகம் கொடுக்க வேண்டும். ஒலி நீளாவிட்டால் கமகத்துக்கு இடமே இல்லை. ஜோடித் தந்திகளைச் சேர்த்து வளைப்பதும் கஷ்டம். ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்த எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்ததும் ஒலி நீண்டது, கமகம் உட்கார்ந்தது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பையின் சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடிக் காட்டுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டுவருவான். வாய்ப்பாட்டின் வழி அப்படியே விரலுக்கு இறங்கியது.

1981இல் சென்னையில் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மேல்நாட்டு வாத்தியம், அதிலும் கரண்ட் வாத்தியம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வயலினுக்கும் இப்படித்தான் யாராவது முணுமுணுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷத்தில், 1983இல், மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ. பிற்பாடு கிடார் மேதை ஜான் மக்லாஃப்லினுடன் ஒரே மேடை. 2014 செப்டம்பர் 19ஆம் தேதி, நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்.

அவர் கேசட்டை மீண்டும் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரைக் கரகரக்க விடவே இல்லை. வால்வுக்காரர்கள் ஒலி நீள வேண்டும் என்று கரகரப்பைச் சேர்த்தார்கள். இவர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கரகரப்பை வெளியே நிறுத்தினார். அது ஒரு தேர்வு. எந்தப் பெட்டியைச் சேர்ப்பது, எதை விடுவது, எவ்வளவு திருகுவது என்று யோசிக்கிற இன்றைய பையன்கள் எல்லாரும் செய்வது இந்தத் தேர்வைத்தான். எலெக்ட்ரிக் வாத்தியத்துக்கு இலக்கணம் எழுதியவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

இனி வீட்டு ரெக்கார்டிங். 'சர்வர் சுந்தரம்' படத்தில் (1964) பாட்டு ரெக்கார்டிங்கையே காட்சியாக வைத்தார்கள், எம்.எஸ்.வி. நின்று நடத்துவார். ஒரு பாட்டுக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், ஒரே மூச்சில். யாராவது ஒருவர் பிசகினால் முதலிலிருந்து. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிடாரைக் கேட்டு எங்கள் ஊரில் கிடார் வாங்கியவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். அதெல்லாம் பெரிய தியேட்டர் சமாச்சாரம். சாமானியன் உள்ளே போக முடியாது.

அமெரிக்காவில் லெஸ் பால் என்பவர் 1948லேயே தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரே ஆளாக எட்டுக் கிடார் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து தட்டு வெளியிட்டார். சாதாரண ஜனங்களுக்கு அந்த வசதி வர 1979 ஆனது. டியாக் கம்பெனி, சாதாரண கேசட்டில் நாலு டிராக் பதிகிற போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தன் வீட்டில் அந்தப் பெட்டியும் இரண்டு மைக்கும் ஒரு எக்கோவும் வைத்துப் பாடிப் பதிந்தார். பிறகு பாண்டு வாத்தியத்தோடு ஸ்டுடியோவில் பதிந்து பார்த்தார்கள். வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கேசட்டையே தட்டாக வெளியிட்டார்கள்.

இங்கே இறக்குமதித் தீர்வை கட்டி அந்தப் பெட்டியை வாங்குவது எங்களால் ஆகிற காரியமா? ஆனாலும் கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அது நடந்தது. ஏ.ஆர்.ரகுமானின் தகப்பனார் ஆர்.கே.சேகர் 1976இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. கருவிகளோடேயே வளர்ந்த பிள்ளை வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ கட்டி, 1992இல் 'ரோஜா' பாட்டுகளை அங்கே செய்தார். முதல் படத்துக்கே தேசிய விருது. கூடத்தில் நூறு பேர் இல்லாமல், ஒவ்வொருவராக வரவழைத்து, ஒலியை அடுக்கடுக்காகக் கட்டுவது என்ற பழக்கம் தமிழ்நாட்டில் அங்கிருந்துதான் பரவியது.

இப்போது என் நண்பரின் பேரனுக்கு வருகிறேன். மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு, எதிர் போர்ஷனில் கைக்குழந்தை. பையனிடம் நாலு பெடல், ஒரு ஐந்து வாட் வால்வு ஆம்ப். "தாத்தா, சின்ன ஆம்ப்ல பெரிய சவுண்டு வருமா?" என்று கேட்டான். வரும். ஐம்பது வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் காதில் தெரிகிற வித்தியாசம் இரண்டு மடங்குதான், பத்து மடங்கு இல்லை. 1970இல் எரிக் கிளாப்டன் 'லைலா' தட்டைப் பதிந்தபோது மூலையில் இருந்தது ஃபெண்டர் சாம்ப் என்கிற ஐந்து வாட் பெட்டிதான். சின்ன ஆம்பை முழுசாகத் திருகினால் வால்வு உழைக்கும். பெரிய ஆம்பை வீட்டில் கால்வாசிகூடத் திருக முடியாது, அது தூங்கிக்கொண்டிருக்கும். மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு ஒரு அங்குலத்தில் வைத்தால் போதும். கோனின் நடுவுக்கு நேராக வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் இதம். நாலு பக்கமும் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவிட்டால் குழந்தை விழிக்காது.

பெடல்களை எந்த வரிசையில் கோர்ப்பது என்பதும் வரலாறு சொல்லிக்கொடுத்ததுதான். ஜெர்மேனியம் ஃபஸ் கிடாரை நேராகப் பார்த்தால்தான் சொன்னபடி கேட்கும், ஆகவே அது முதலில். பிறகு கரகரப்பு தரும் மற்றவை. எக்கோ கடைசி. எக்கோவை முன்னால் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் அடுத்த ஸ்வரத்தோடு சேர்ந்து நசுங்கும், சந்தைக் கூச்சல் மாதிரி ஆகும். கரகரப்புக்குப் பின்னால் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். ஆம்ப் ஏற்கெனவே முழுசாக உழைக்கிறது என்றால், எக்கோவை முன்னால் மிதிக்காமல், ரெக்கார்டிங் முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பது உத்தமம்.

ஆம்பே வேண்டாம், பெடலை நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாமே என்பார்கள். செருகினால் கொசு காதில் பாடுகிற மாதிரி வரும். கிடார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்குமேல் எதையும் வெளியே விடாது, அந்த வடிகட்டலும் சேர்ந்ததுதான் நம் காதுக்குப் பழகிய கிடார். டாம் ஷோல்ஸ் என்ற இன்ஜினியர் 1982இல் ஹெட்போனில் கேட்கிற ராக்மேன் பெட்டி செய்ததும், 1998இல் லைன் 6 கம்பெனி பாட் என்ற கம்ப்யூட்டர் ஆம்ப் கொண்டுவந்ததும் இந்த வடிகட்டலைப் போலி செய்யத்தான். இப்போது போனிலேயே வந்துவிட்டது. ஒன்று மட்டும் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்: வால்வு ஆம்பை ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

அந்தப் பையன் இதையெல்லாம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவன் தாத்தா வாசித்த கச்சேரிகளை எங்கள் மைக் செட்காரர் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். பதினெட்டோ இருபதோ இருக்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது அந்த வீட்டு ஓடுகள் போயின, பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. ஒன்றே ஒன்று மட்டும், யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராததால், நெய்வேலியில் பிழைத்துக் கிடந்தது. அதில் தாத்தாவின் கிடார் நாலு நிமிஷம் வருகிறது, தபேலாவும் கூட்டத்தின் விசிலும் கலந்து.

அதே ஒலியை வீட்டில் கொண்டுவர வேண்டும் என்று பையனுக்கு ஆசை. கடையில் வாங்கிய ஃபஸ் சரிப்படவில்லை, அது சிலிக்கான். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து இரண்டு ஏ.சி.128 எடுத்துக் கொடுத்தேன். ஒரு வேரியாக்கும் எங்கள் பழைய ஸ்டோர்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினோம். 230இல் வரவில்லை. 200இல் கிட்டே வந்தது. 180இல் பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் பாட்டி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவ வாசிடா" என்றார்கள்.

அன்றைக்குப் பதிந்த மூன்று நிமிஷம் இப்போது என் போனில் இருக்கிறது. நெய்வேலிக் கேசட்டின் நாலு நிமிஷத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்துக் கச்சேரிக் கேசட் கடலூர், சிதம்பரம், பண்ருட்டிப் பக்கம் யாரிடமாவது பரண்மேல் இருந்தால், ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். பூசணம் பிடித்த டேப் ஓட்டினால் அறுந்துவிடும். அப்படியே கொண்டுவந்து கொடுங்கள், பையன் சுத்தம் செய்து ஏற்றிக் கொடுப்பான்.